மூக்குக்கு ஃபில்லர் ஊசியா, ஆபரேஷனா: மலையில இருக்கறவங்க எந்த வரிசையில முடிவு எடுக்கணும்

நான் குன்னூர் பக்கம். மூக்குக்கு முதல்ல ஃபில்லர், அதாவது தோலுக்கு அடியில ஊசியால வைக்கற ஜெல் போட்டு, எனக்கு வேண்டியதை அது செய்யவே செய்யாதுன்னு லேட்டா புரிஞ்சு, ரெண்டு வருஷம் கழிச்சு கோயமுத்தூர்ல ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். அதுக்கப்புறம் கோத்தகிரி, அரவங்காடு, ஊட்டின்னு அஞ்சு பேர் கேள்விப்பட்டு வந்து கேட்டாங்க, அதுல மூணு பேருக்கு ஆஸ்பத்திரியில துணைக்கும் இருந்திருக்கேன். நான் டாக்டர் இல்ல, மருந்து மாத்திரை விஷயமெல்லாம் உங்க டாக்டர் சொல்றது தான். எதை முதல்ல பாக்கணும், எதை அப்புறம் பாக்கணும்ங்கறதை மட்டும் எழுதறேன்.

ஏன்னா எல்லாரும் ஒரே மாதிரி தான் ஆரம்பிக்கறாங்க. முதல்ல கிளினிக் தேடறாங்க, அப்புறம் ரேட் கேக்கறாங்க, அப்புறம் "அக்கா, கத்தி வைக்க பயமா இருக்கு, ஊசின்னா பரவால்ல தானே"ன்னு முடிவே பண்ணிடறாங்க. மூக்குல எதை மாத்தணும்ங்கற கேள்வி கடைசியா தான் வருது. அது முதல்ல வரணும்.

1. செல்ஃபியை ஒதுக்கிட்டு போட்டோ எடுங்க

கைய நீட்டி எடுக்கற செல்ஃபியில மூக்கு கேமராவுக்கு ரொம்ப பக்கத்துல இருக்கும், காது தள்ளி இருக்கும், அதனால மூக்கு பெருசா தான் தெரியும். 2018ல அமெரிக்காவுல இதை கணக்கு போட்டே காட்டினாங்க: 12 அங்குல தூரத்துல எடுத்தா மூக்கோட அகலம் சுமார் 30 சதவீதம் கூடுதலா தெரியுது, 5 அடி தள்ளி நின்னு எடுத்தா அந்த கோளாறு இல்ல. இல்லாத 30 சதவீதத்துக்கு நீங்க காசு கொடுக்கக் கூடாது.

வேற ஒருத்தரை எடுக்க சொல்லுங்க. 5 அடி தூரம், ஃபோன் உங்க மூக்கு உயரத்துல, கொஞ்சம் ஜூம் பண்ணி. மொத்தம் ஏழு படம் வேணும்: நேரா ஒண்ணு, ரெண்டு பக்கவாட்டும், ரெண்டு அரைப்பக்கமும், தலையை நிமிர்த்தி மூக்கு துவாரம் தெரியற மாதிரி ஒண்ணு, நல்லா சிரிச்சு ஒண்ணு. சிரிக்கும்போது நுனி கீழ இறங்கறது சிலருக்கு பெரிய பிரச்சினை, அது சும்மா இருக்கற படத்துல தெரியவே தெரியாது.

நம்ம ஊர்ல இதுக்கு ஒரு வசதி இருக்கு. மூடுபனி இருக்கற நாள்ல ஜன்னல் பக்கத்துல உக்காந்தா வெளிச்சம் ஒரே சீரா விழும், மூக்குக்கு ஒரு பக்கம் மட்டும் நிழல் வராது. பளிச்சுன்னு வெயில் அடிக்கற நாள்ல எடுத்தீங்கன்னா நிழலையே கோணல்னு நினைச்சுக்குவீங்க.

படம் எடுத்துட்டு மூணு நாள் பாக்காம விடுங்க. அப்புறம் எடுத்து பாக்கும்போது இவ்வளவு தானான்னு தோணுச்சுன்னா நீங்க இதோட நிறுத்திக்கலாம், எங்கிட்ட வந்த அஞ்சு பேர்ல ஒரு பொண்ணு இந்த இடத்துலயே நிறுத்திட்டா, இப்ப நல்லா இருக்கா. அதுக்கு நேர்மாறா, யாருக்கும் தெரியாத ஒரு குறை உங்களுக்கு மட்டும் நாள் பூரா தெரியுது, கண்ணாடி முன்னாடியே மணிக்கணக்கா நிக்கறீங்க, கல்யாணம் காட்சிக்கு போறதையே விட்டுட்டீங்கன்னா, முதல்ல ஒரு மனநல டாக்டர்கிட்ட பேசுங்க. அந்த வலியை ஊசியும் தீர்க்காது, கத்தியும் தீர்க்காது, நல்ல சர்ஜனே அப்படிப்பட்டவங்களை முதல்ல அங்க தான் அனுப்புவார்.

2. அழகை பாக்கறதுக்கு முன்னாடி மூச்சை பாருங்க

இதை ஏன் ரெண்டாவதா வெச்சேன்னா, மூச்சு பிரச்சினை இருந்தா பாதி முடிவு இங்கயே வந்துடும். ஒரு பக்க துவாரத்தை விரலால மூடி இன்னொரு பக்கத்துல மூச்சு இழுங்க, அப்புறம் மாத்தி பண்ணுங்க. அடுத்ததா, கன்னத்தை மூக்கு பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா லேசா இழுத்து பிடிச்சுட்டு மூச்சு விட்டு பாருங்க, அப்ப ரொம்ப ஈசியா இருந்தா அதையும் எழுதி வெச்சு டாக்டர்கிட்ட சொல்லுங்க, உள்வழி குறுகலா இருக்கலாம்.

ஒரே ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க. மூக்கு ரெண்டு பக்கமும் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மாறி மாறி அடைக்கறது எல்லாருக்கும் இயற்கை தான், அதுவும் நம்ம குளிருக்கும் ஈரத்துக்கும் ஜலதோஷம் இருந்துகிட்டே இருக்கும். ஒரு வாரத்துல மூணு நாலு தடவை, வெவ்வேற நேரத்துல பாருங்க. எப்பவும் ஒரே பக்கம் தான் அடைக்குதுன்னா உள்ள நடுச்சுவர் வளைஞ்சிருக்கலாம், ஈஎன்டியில தண்டு வளைஞ்சிருக்குன்னு சொல்வாங்களே, அது.

ஃபில்லரால மூச்சு ஒரு துளி கூட சரியாகாது. தண்டு வளைஞ்சிருக்கறவங்களுக்கு அதையும் வெளி வடிவத்தையும் ஒரே மயக்கத்துல சேர்த்து பண்ண முடியும், அதனால அவங்க ஊசி பக்கம் போய் காசு விடவே வேண்டாம். இன்னொண்ணு, மூக்கடைப்புக்கு மெடிக்கல்ல வாங்கற சொட்டு மருந்தை மாசக்கணக்கா போட்டுட்டு இருக்கறவங்க நம்ம பக்கம் நிறைய பேர். அந்த மருந்தே அடைப்பை திரும்ப திரும்ப வர வைக்கும். டாக்டர்கிட்ட இதை மறைக்காதீங்க.

3. குறையை ஒரே வரியில எழுதுங்க

"மூக்கு நல்லா இல்ல" அப்படிங்கறது வரி இல்ல. "பக்கவாட்டுல பாத்தா நடுவுல ஒரு மேடு தெரியுது", "நுனி உருண்டையா இருக்கு", "துவாரம் அகலம்", "கண்ணுக்கு நடுவுல பள்ளமா இருக்கு, கண்ணாடி நிக்க மாட்டேங்குது", "சின்ன வயசுல விழுந்ததுல இடது பக்கம் சாய்ஞ்சிருக்கு". இப்படி எழுதணும். ரெண்டு மூணு குறை இருந்தா எது முதல்ல சரியாகணும்னு நம்பர் போடுங்க.

நடிகை போட்டோவை கொண்டு போய் "இதே மாதிரி"ன்னு காட்டறது தான் எல்லாரும் பண்ற தப்பு. அவங்க தோல் கனம் வேற, எலும்பு வேற. தோல் தடிமனா இருக்கறவங்களுக்கு உள்ள எவ்வளவு செதுக்கினாலும் வெளிய அந்த கூர்மை முழுசா தெரியாது. உங்க போட்டோவையே கொடுத்து, எந்த இடத்துல எவ்வளவு மாறலாம்னு டாக்டரை வரைஞ்சு காட்ட சொல்லுங்க.

4. கூட்டணுமா, குறைக்கணுமா

மொத்த முடிவுமே இந்த இடத்துல தான் இருக்கு. ஃபில்லர்ங்கறது தோலுக்கு அடியில வைக்கற ஒரு ஜெல். அது சேர்க்க மட்டும் தான் செய்யும், ஒரு மில்லிமீட்டர் கூட எடுக்காது. கண்ணுக்கு நடுவுல இருக்கற பள்ளத்தை தூக்கலாம், ஒரு பக்கம் அமுங்கின சின்ன குழியை நிரப்பலாம், மேட்டுக்கு மேலயும் கீழயும் நிரப்பி மேடே இல்லாத மாதிரி நேர்கோடா காட்டலாம், நுனியை கொஞ்சூண்டு தூக்கின மாதிரி காட்டலாம். அவ்வளவு தான்.

மேடு இல்லாத மாதிரி காட்டறதுக்கும் மேட்டை எடுக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு. என் கதை இது தான். எனக்கு மூக்கு சின்னதாகணும்னு ஆசை. போன கிளினிக்ல "மேடு மறைஞ்சிடும்"னு சொன்னாங்க, மறையவும் செஞ்சுது, பக்கவாட்டுல கோடு நேரா வந்துடுச்சு. ஆனா நேரா பாத்தா மூக்கு முன்னை விட பெருசு. சேர்த்திருக்காங்களே, பெருசா தானே ஆகும். பெருசாகும்னு அன்னைக்கு யாரும் எனக்கு சொல்லல, கேக்கணும்னு எனக்கும் தெரியல. அந்த வேதனை இன்னொருத்தருக்கு வேண்டாம்னு தான் இந்த நாலாவது பாயிண்ட்டை இவ்வளவு அழுத்தி எழுதறேன்.

நுனி உருண்டை, துவாரம் அகலம், மூக்கு நீளம், எலும்பு அகலம், நல்லா தெரியற கோணல், பெரிய மேடு இதெல்லாம் எடுக்கற, மாத்தி அமைக்கற வேலை. ஆபரேஷன் மட்டும் தான். சின்ன பள்ளம், சின்ன மேடு, லேசான ஏற்ற இறக்கம், அதுவும் மூச்சு பிரச்சினை இல்லாதவங்களுக்கு மட்டும் ஃபில்லர் பத்தி பேசலாம்.

எவ்வளவு நாள் நிக்கும்ங்கறதும் இதுல வரும். ஹையலுரானிக் ஆசிட்ங்கற ஜெல் வகை ஃபில்லர்னா பொதுவா 6 மாசத்துல இருந்து ஒன்றரை வருஷம்னு சொல்வாங்க, சிலருக்கு அதுக்கு மேலயும் கொஞ்சம் உள்ள தங்கிடும். ஆபரேஷன் நிரந்தரம், அதனால பிடிக்கலைன்னாலும் நிரந்தரம், திரும்ப சரி பண்ண இன்னொரு ஆபரேஷன் தான். வயசும் பாருங்க: மூக்கு வளர்ந்து முடியணும், பொண்ணுங்களுக்கு 15, 16 வயசு, பசங்களுக்கு 17, 18 வரைக்கும் கூட வளரும். பிளஸ் டூ படிக்கற பசங்க அவசரப்பட வேண்டாம்.

5. ஊசி சின்னது, அதோட ஆபத்து சின்னது இல்ல

மூக்குல ஓடற ரத்தக்குழாய்ங்க கண்ணுக்கு போற குழாய்களோட இணைஞ்சிருக்கு. ஜெல் தப்பித் தவறி குழாய்க்குள்ள போயிட்டா ரெண்டு விஷயம் நடக்கலாம். ஒண்ணு, அந்த இடத்து தோலுக்கு ரத்தம் போகாம அழுகும். இன்னொண்ணு, ஜெல் பின்னாடி தள்ளப்பட்டு கண்ணுக்கு போற ரத்தத்தை அடைச்சு பார்வையே போகும். நடக்கறது அபூர்வம் தான். ஆனா முகத்துல ஃபில்லர் போடற இடங்கள்லயே இந்த ஆபத்து அதிகமா இருக்கற இடங்கள்ல மூக்கும் ஒண்ணு. அமெரிக்காவுல மருந்து, மருத்துவப் பொருளுக்கு அனுமதி கொடுக்கற அரசு அமைப்பான எஃப்டிஏ எந்த ஃபில்லருக்கும் மூக்கு வடிவத்துக்குன்னு அனுமதி கொடுக்கல, போடறது எல்லாம் டாக்டர் தன் பொறுப்புல போடறது.

இப்ப நம்ம மலையை யோசிங்க. கண்ணுக்கு ரத்தம் நின்னா நிமிஷக் கணக்கு தான், ஒன்றரை மணி நேரத்துக்குள்ளயே பார்வை திரும்பாம போயிடலாம். குன்னூர்ல இருந்து கோயமுத்தூர் சுமார் 70 கிலோமீட்டர், பர்லியார் இறங்கி மேட்டுப்பாளையம் தாண்டி போக ரோடு காலியா இருந்தாலே ரெண்டு மணி நேரம் ஆகும். ஊட்டியில இருந்துன்னா மூணு. அதனால மேலயே ஏதோ பார்லர்லயோ, வாரத்துக்கு ஒரு நாள் ஹோட்டல் ரூம்ல வந்து போடறவங்ககிட்டயோ, ஆன்லைன்ல வாங்கற, ஊசியில்லாம அழுத்தத்துல ஜெல்லை உள்ள தள்ளற பேனாவுலயோ போட்டுக்கறதை தயவு செஞ்சு யோசிக்கவே யோசிக்காதீங்க. கத்தி இல்லைங்கற ஒரே காரணத்துக்காக ஊசியை தேர்ந்தெடுக்கறவங்களுக்கு நான் சொல்றது, மலையில இருக்கறவங்களுக்கு ஆபரேஷனை விட ஊசிக்கு தான் ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கணும்.

ஆபரேஷனுக்கும் ஆபத்து உண்டு, மறைக்கல: மயக்க மருந்து, ரத்தக்கசிவு, இன்ஃபெக்‌ஷன், மூச்சு முன்னை விட குறையறது, வடிவம் எதிர்பார்த்த மாதிரி வராதது. நூத்துக்கு 5ல இருந்து 15 பேர் வரைக்கும் திரும்ப சரி பண்ண வேண்டி வரும்னு பொதுவா சொல்வாங்க. வித்தியாசம் என்னன்னா, இதுல பெரும்பாலானது உங்களுக்கு நாள் கணக்குல, மாச கணக்குல நேரம் கொடுக்கும்.

6. யார்கிட்ட போறது, என்ன கேக்கறது

இப்ப தான் டாக்டர் தேடணும். ஆபரேஷனுக்கு பிளாஸ்டிக் சர்ஜரியில எம்சிஹெச் இல்லைன்னா டிஎன்பிங்கற மேற்படிப்பு பட்டம் வாங்கினவங்க, அல்லது மூக்கு வடிவ ஆபரேஷன் தொடர்ந்து பண்ற ஈஎன்டி சர்ஜன். ஃபில்லருக்கு பிளாஸ்டிக் சர்ஜன் அல்லது எம்டி படிச்ச ஸ்கின் டாக்டர். பேரை தேசிய மருத்துவ ஆணையத்தோட டாக்டர்கள் பதிவேட்டுல ஆன்லைன்லயே தேடி பாக்கலாம், அஞ்சு நிமிஷ வேலை. கோட்டு போட்டவங்க எல்லாம் டாக்டர் இல்ல.

முடிஞ்சா ரெண்டு வழியும் பண்ணத் தெரிஞ்ச ஒருத்தரை பாருங்க. ஊசி மட்டும் போடறவங்களுக்கு எல்லா மூக்கும் ஊசிக்கு ஏத்த மூக்கா தான் தெரியும், அதே தான் ஆபரேஷன் மட்டும் பண்றவங்களுக்கும். ரெண்டும் பண்றவங்க உங்களுக்கு எது வேண்டாம்னு சொல்வாங்க, நமக்கு வேண்டிய பதில் அது தான். குறைஞ்சது ரெண்டு பேரையாவது பாருங்க, அன்னைக்கே அட்வான்ஸ் கட்டாதீங்க.

ஃபில்லர்னா இதை கேளுங்க: எந்த வகை ஜெல்? ஹையலுரானிக் ஆசிட் தவிர வேற எதுக்கும் மூக்குல சம்மதிக்காதீங்க, ஏன்னா அது ஒண்ணை தான் ஹையலுரோனிடேஸ்னு ஒரு மருந்து போட்டு கரைக்க முடியும். அந்த மருந்து இப்ப இதே கட்டிடத்துல இருக்கா, காட்டுங்கன்னு கேளுங்க. "தேவைப்பட்டா வாங்கிக்கலாம்"னு சொன்னா எழுந்து வந்துடுங்க. கண்ணு மங்குச்சுன்னா எந்த ஆஸ்பத்திரிக்கு, எத்தனை நிமிஷத்துல அனுப்புவீங்கன்னும் கேளுங்க, நல்ல டாக்டர் இதுக்கு கோவிச்சுக்க மாட்டார்.

ஆபரேஷன்னா: வெளிய தையல் வருமா, வந்தா எங்க? குருத்தெலும்பு தேவைப்பட்டா மூக்குக்குள்ள இருந்தா, காதுல இருந்தா, விலாவுல இருந்தா? என் மாதிரி மூக்குக்கு பண்ண படங்கள் இருக்கா, அதுவும் ஒரு வருஷம் ஆன படம்? திரும்ப சரி பண்ண வேண்டி வந்தா செலவு யாரோடது? மயக்க டாக்டர் யார், முன்னாடியே பாக்க முடியுமா?

7. காசு

நாங்க கேட்ட இடங்கள்ல ஃபில்லர் ஒரு சிரிஞ்சுக்கு 20,000ல இருந்து 35,000 வரைக்கும் சொன்னாங்க, ஆபரேஷனுக்கு 1 லட்சத்துல ஆரம்பிச்சு 2 லட்சத்துக்கு மேல போச்சு. வருஷத்துக்கு 25,000னு வெச்சாலும் அஞ்சு வருஷத்துல ஊசிக்கு 1,25,000 ஆயிடும், இதை பேப்பர்ல போட்டு பாருங்க. அழகுக்காக பண்றதுக்கு இன்சூரன்ஸ் பொதுவா கிடைக்காது, ஜிஎஸ்டியும் வரும். அடிபட்ட மூக்கு, பிறவிக் குறை, மூச்சுக்காக பண்ற பகுதி இதெல்லாம் வேற கணக்கு, பில்லை தனியா பிரிச்சு கேளுங்க. கீழ கோயமுத்தூர்ல ரூம் வாடகை, துணைக்கு வர்றவங்க சாப்பாடு, வண்டி, இதை எல்லாரும் மறந்துடறாங்க.

8. தேதி குறிக்கறது

கல்யாணம் இருந்தா ஆபரேஷனுக்கு குறைஞ்சது ஆறு மாசம் முன்னாடி பண்ணுங்க. பாதிக்கு மேல வீக்கம் முதல் சில வாரத்துல இறங்கும், ஆனா நுனி முழுசா செட்டாக ஒரு வருஷம் கூட ஆகும். ஃபில்லர்னாலும் கடைசி வாரத்துல போடாதீங்க, ஒரு மாசம் இடைவெளி விடுங்க, வீக்கமோ நீலமோ வந்தா அடங்கணும் இல்ல.

நம்ம ஊர் கணக்கும் பாக்கணும். அக்டோபர், நவம்பர் மழையில குன்னூர் ரோட்டுல மண் சரிஞ்சு வண்டி எல்லாம் கோத்தகிரி வழியா திரும்பறது நமக்கு புதுசு இல்ல. ஏப்ரல், மே சீசன்ல டூரிஸ்ட் வண்டி நெரிசல்ல ஒரு கொண்டை ஊசி வளைவு தாண்டவே அரை மணி நேரம் ஆகும். ஜூலை, ஆகஸ்ட்ல கூடலூர் பக்கம் மழை அடிச்சு ஊத்தும். அதனால பிப்ரவரி, மார்ச் தான் எனக்கு சரின்னு பட்டுது. கூடலூர்காரங்க மைசூர் போறதா இருந்தா, பந்திப்பூர் ரோடு நைட் 9ல இருந்து காலை 6 வரைக்கும் மூடியிருக்கும்ங்கறதை மனசுல வெச்சு ரூம் போடுங்க.

9. முன்னாடி வாரங்கள்ல

சிகரெட் நாலு வாரம் முன்னாடியே நிறுத்தணும், அப்புறம் நாலு வாரமும் கூடாது. ரத்தக்குழாய் சுருங்கினா காயம் ஆறாது. ஆஸ்பிரின், புரூஃபென், மீன் எண்ணெய் மாத்திரை, விட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, லேகியம், எல்லாத்தையும் ஒரு லிஸ்ட் எழுதி டாக்டர்கிட்ட கொடுங்க, எதை எப்ப நிறுத்தணும்னு அவர் சொல்லட்டும். இதயத்துக்கு போடற மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. முகப்பரு மாத்திரை சாப்பிட்டாலும் சொல்லணும்.

ஒரு விஷயம் யாருமே சொல்றதில்ல. தேனீ, குளவி கொட்டி உடம்பு முழுக்க தடிச்சு மூச்சு திணறின அனுபவம் உங்களுக்கு இருக்கா? இருந்தா ஃபில்லர் போடறதுக்கு முன்னாடியே சொல்லுங்க. ஜெல்லை கரைக்கற அந்த ஹையலுரோனிடேஸ் தேனீ விஷத்துலயும் இருக்கற ஒரு பொருள், அலர்ஜி உள்ளவங்களுக்கு அந்த மருந்தும் ஒத்துக்காம போகலாம். எஸ்டேட் பக்கம் தேன்கூடு சர்வ சாதாரணம், கொட்டு வாங்காதவங்க யாரு.

ஏற்கனவே ஃபில்லர் போட்டவங்க ஆபரேஷனுக்கு போனா அதை மறைக்கக் கூடாது. எனக்கு முதல்ல அதை கரைச்சு, சில வாரம் விட்டு, மூக்கோட நிஜ வடிவம் வந்தப்புறம் தான் பண்ணாங்க. ஜெல் இருக்கும்போது அளவு எடுத்தா தப்பா போயிடும்.

மூக்குத்தியை கழட்டணும், ஆபரேஷன்ல கரண்ட் கருவி வைப்பாங்க, உலோகம் உடம்புல இருக்கக் கூடாது. எங்கம்மா இதுக்கு தான் ரொம்ப கலங்கிட்டாங்க, 12 வயசுல அவங்க குத்தி விட்டது. சுரை இறுகிப் போய் கடைசி நேரத்துல திருகவே வரல, அம்மா தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு பத்து நிமிஷம் பொறுமையா திருப்பி கழட்டினாங்க. நீங்க ஒரு வாரம் முன்னாடியே கழட்டி பாத்துடுங்க, ஆஸ்பத்திரியில வெச்சு கழட்டினா இழுத்து புண்ணாக்கிடுவாங்க.

10. ஃபில்லர் போடற நாள்

பெட்டியை உங்க முன்னாடி பிரிக்க சொல்லி லாட் நம்பர், எக்ஸ்பைரி தேதி ரெண்டையும் போட்டோ எடுங்க. போட்டு முடிச்சதும் அரை மணி நேரமாவது அங்கயே உக்காருங்க, அன்னைக்கு நைட் கட்டாயம் கீழயே தங்குங்க, ரெண்டு நைட்னா இன்னும் நல்லது. ரத்தக்குழாய் அடைப்பு உடனே தான் தெரியணும்னு இல்ல, சில மணி நேரம் கழிச்சும் தெரியும். ஜெல்லுலயே மரத்துப் போக வைக்கற மருந்து கலந்திருக்கறதால வலியும் லேட்டா தான் வரும்.

எப்படி பாக்கறது: நுனியை விரலால லேசா அமுக்கி விடுங்க, வெளுத்த இடம் ரெண்டு மூணு செகண்டுல பழைய நிறத்துக்கு வரணும். வரலைன்னா, தோல் திட்டா வெளுத்து இருந்தா, வலை பின்னின மாதிரி நீலமா தெரிஞ்சா, வலி கூடிகிட்டே போனா உடனே டாக்டர்கிட்ட திரும்பணும். கண்ணு மங்கறது, ரெட்டையா தெரியறது, கண்ணு வலி, இமை தொங்கறது, பேச்சு குழறுறது இதெல்லாம் வந்தா ஃபோன் பண்ணி காத்திருக்காம நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போங்க.

மேல வந்தப்புறம் குளிர்ல நின்னுட்டு நிறம் பாக்காதீங்க. பனி விழற காலையில எல்லார் மூக்கு நுனியும் செவந்தோ வெளுத்தோ தான் இருக்கும், அமுக்கினா நிறம் வர லேட்டாகும். வீட்டுக்குள்ள கதகதப்பா கால் மணி நேரம் இருந்துட்டு பாருங்க. கருப்பு நிறத் தோல்ல வெளுக்கறது சட்டுன்னு தெரியாது, போடறதுக்கு முன்னாடி அமுக்கி பாத்த ஒரு வீடியோ எடுத்து வெச்சா ஒப்பிட்டு பாக்கலாம்.

11. ஆபரேஷனும் முதல் வாரமும்

திட உணவு ஆறு மணி நேரம் முன்னாடியே நிறுத்தணும்னு எல்லாருக்கும் சொல்லுவாங்க, ஆனா பால் டீயும் அந்த கணக்குல தான் வரும். கோத்தகிரி தம்பி ஒருத்தன் 10 மணி ஆபரேஷனுக்கு விடியற்காலையில கிளம்பி வந்து, மேட்டுப்பாளையத்துல பழக்கத்துக்கு 6 மணிக்கு ஒரு டீ குடிச்சுட்டான். மயக்க டாக்டர் முடியாதுன்னுட்டார், மறுநாளைக்கு தள்ளி, ஒரு நாள் ரூம் வாடகை கூட ஆச்சு. முந்தின நாளே இறங்கி தங்கிடுங்க.

ஆபரேஷன் ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். முழிச்சா வாயால தான் மூச்சு விட வேண்டி இருக்கும், தொண்டை காய்ஞ்சு போகும், முதல் நைட் எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு, துணைக்கு இருக்கறவங்க இதை முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கணும். தலையை ரெண்டு தலகாணி வெச்சு உசத்தி படுங்க. கண்ணை சுத்தி நீலம் கட்டும், ஒன்னு ரெண்டு வாரத்துல போயிடும்.

மூக்கு மேல வெக்கற கட்டை சுமார் ஒரு வாரத்துல எடுப்பாங்க, அது வரைக்கும் கீழயே இருக்கறது தான் நல்லது. காரணம் ரோடு. மேட்டுப்பாளையம் குன்னூர் வழியில 14 கொண்டை ஊசி வளைவு, காலி வயித்துல மாத்திரை போட்டுட்டு வந்தா வாந்தி வரும், வாந்தி வந்தா தலைக்கு அழுத்தம் ஏறி மூக்குல ரத்தம் வரும். முதல் ரெண்டு நாள் தான் கசிவுக்கு பயப்பட வேண்டிய நாள், ஏழெட்டு நாள்ல பொருக்கு உதிரும்போதும் வரலாம். மூக்கு அடைச்சிருக்கும்போது மலை ஏறி இறங்கினா காதும் அடைச்சு வலிக்கும். தங்க வசதியே இல்லைன்னா, எந்த நாள்ல ஏறலாம்னு டாக்டரை கேட்டு, முன் சீட்ல உக்காந்து, வாந்தி மாத்திரையும் அவரையே கேட்டு வாங்கிட்டு ஏறுங்க.

12. மேல வந்தப்புறம்

தலை வழியா மாட்டற ஸ்வெட்டரையும் மங்கி குல்லாவையும் எடுத்து உள்ள வெச்சுடுங்க. மாட்டும்போது ஒரு இழுப்புல மூக்குல இடிச்சா அவ்வளவு தான். முன்னாடி பட்டன் இல்ல ஜிப் வெச்ச ஸ்வெட்டர், தலைக்கு மஃப்ளர். நான் துணைக்கு போன ஒரு பொண்ணு ஆபரேஷன் ஆன மூணாவது நாள் நைட்டு குளிருதுன்னு தூக்கத்துலயே ஸ்வெட்டர் மாட்ட போய் அலறின சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு.

கண்ணாடி போடறவங்க நாலுல இருந்து ஆறு வாரம் மூக்கு மேல வெக்காம நெத்தியில டேப் போட்டு தொங்க விடணும். ரெண்டு வாரம் மூக்கு சிந்தக் கூடாது, தும்மல் வந்தா வாயை திறந்து தும்முங்க. குனிஞ்சு விறகு எடுக்கறது, மூட்டை தூக்கறது, மேடேறி நடக்கறது எல்லாம் டாக்டர் சொல்ற வரைக்கும் வேண்டாம். ரூம்ல கரி அடுப்பு வெச்சு குளிர் காயறதை விட்டுடுங்க, புகை மூக்கை உள்ள எரிக்கும், கதவை சாத்தி வெச்சா உயிருக்கே ஆபத்து. குளிருதேன்னு நினைச்சு வெயிலை சாதாரணமா எடுக்காதீங்க, உயரத்துல புற ஊதாக்கதிர் கூடுதல், புது தழும்பு கருத்துடும்.

கால் மணி நேரம் அமுக்கி உக்காந்தும் நிக்காத ரத்தம், காய்ச்சல், ரெண்டு பக்கமும் திடீர்னு அடைச்சு வலிக்கறது, தண்ணி மாதிரி சொட்டு சொட்டா ஒழுகறது, இதுக்கெல்லாம் காலையில பாத்துக்கலாம்னு இருக்காம அப்பவே கூப்பிடுங்க. அதுக்கு தான் டிஸ்சார்ஜ் ஆகும்போதே நைட் நம்பர் வாங்கி வெக்கணும்.

மூணாவது வாரத்துல "பன்னி மூக்கு மாதிரி இருக்கே"ன்னு எல்லாரும் அழறாங்க, நானும் அழுதேன். நுனி வீக்கத்துல மேல தூக்கிட்டு நிக்கும், மாசக்கணக்குல இறங்கும். மூக்குத்தி திரும்ப குத்தறதும் சர்ஜன் சரின்னு சொன்னப்புறம் தான், எனக்கு எட்டு மாசம் ஆச்சு. ஒரு வருஷம் ஆகி ஒரு சின்ன பள்ளம் மிச்சம் இருந்தா, அதை நிரப்ப பக்கத்துல கிடைக்கற ஊசிக்கு போயிடாதீங்க. ஆபரேஷன் ஆன மூக்குல ரத்தக்குழாய் பாதை மாறியிருக்கும், தழும்பு இறுக்கமும் சேர்ந்து ஃபில்லரோட ஆபத்து இன்னும் கூடும். ஆபரேஷன் பண்ண சர்ஜனையே போய் பாருங்க, போகும்போது முதல் நாள் எடுத்த அந்த ஏழு படத்தையும் கையில எடுத்துட்டு போங்க.